அம்மன் கப்பலில் வந்த கதைக்கு மூன்று சாட்சி

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது, நூலகத்து மிஸ்ஸும் வரலாற்று சாரும் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அவரவர் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கதையை எழுத வேண்டும். சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுத வேண்டும். மூன்று பேரிடமாவது விசாரிக்க வேண்டும். சரியாக வந்ததைப் பெற்றோர் தினத்தில் பலகையில் ஒட்டுவார்கள்.

எங்கள் மாரியம்மாவை முன்னோர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, மன்னாரிலிருந்து தலையில் சுமந்தே மலை ஏறினார்கள். நான் நாளும் விளக்கேற்றிக் கும்பிடுகிற தாயின் கதை பலகையில் ஏறப்போகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு அக்கா, கொழுந்து நிறுக்கிற அண்ணன், என் நாத்தனார் மூவரும் அதையேதான் சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் சிரமதானம், பெற்றோர் கூடித் துப்புரவு செய்யும் நாள். நாங்கள் சில தாய்மார் தரை கூட்டி, அலுமாரி துடைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மேசையில் மிஸ்ஸும் சாரும் உட்கார்ந்து பிள்ளைகளின் தாள்களைப் பார்த்தார்கள். மகளின் முறை வந்ததும் மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, பக்கத்து வீட்டு அக்காவுக்கு இத யாரு சொன்னாங்க?"

"செத்துப்போன பூசாரி தாத்தாதான் மிஸ்."

"நிறுக்கிற அண்ணனுக்கு?"

"அவருக்கும் தாத்தாதான்."

"நாத்தனாருக்கு?"

"அதே தாத்தாதான்" என்று துடைப்பத்தைத் தரையில் தட்டினேன். சார் சிரித்துவிட்டார்.

"அப்ப இது மூணு பேரு இல்லம்மா. ஒருத்தரு மூணு வாயில பேசியிருக்காரு!"

"அம்மனுக்கே சாட்சி கேப்பீங்களா சார்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போம்மா, இனி என்னோடத ஒட்ட மாட்டாங்க" என்றாள்.

"யாரு சொன்னா ஒட்டமாட்டோம்னு?" மிஸ் அவளை அருகே இழுத்து நிறுத்திக்கொண்டார். "பொய்னு நாங்க சொல்லலக்கா. யாருகிட்ட கேட்டதோ அவரு பேர்லயே இருக்கட்டும். நாளைக்கி வேற சாட்சி கெடச்சா சேத்துக்கலாம்."

மகள் 'மூன்று பேர் சொன்னார்கள்' என்பதை அடித்துவிட்டு, 'பழைய பூசாரி சொல்லக் கேட்டது' என்று எழுதினாள். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

"மிஸ், கீழ இன்னொரு வரி போடலாமா? நாங்க இத நம்புறோம்னு?"

மிஸ் சாரைப் பார்த்தார். சார் தலையைச் சொறிந்தார்.

"அவங்க நம்புறாங்கங்கிறது உண்மைதானே மிஸ். அதுக்கு சாட்சி இங்கயே நிக்கிதே, கையில தொடப்பத்தோட."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியைப் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினாள்.

"பெருசா எழுதுடி," என்றேன். "லயத்து ஆளுங்க வந்து வாசிக்க வேணாமா?"