சத்தம் குறைத்த கப்பல்

பழுது பார்த்த போனை ஜாபிர் சும்மா திருப்பிக் கொடுப்பதில்லை. கடைசித் திருகை முடுக்கி, திரையில் ஒருமுறை ஊதி, சட்டை நுனியால் துடைத்து, ஸ்பீக்கர் பேசுகிறதா என்று பார்க்க யூடியூபில் எதையாவது ஓடவிடுவார். இப்போதெல்லாம் யாரோ மழை நிலவரம் வாசிக்கிறார்கள். முன்பு ஓடியது அவருடைய குரல். "ஸ்பீக்கரும் செக் பண்ணியாச்சு, நமக்கும் ஒரு வியூ ஏறியாச்சு, அம்புட்டுதான்" என்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் அவர் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவருக்குத் தெருதான். அந்த இடத்துக்குள் இரண்டு உலகப் போர்களையும் நடத்தியவர் ஜாபிர். மதியம் ஷட்டரை இறக்கி, சத்தம் விழக் கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வையில் குளித்தபடி தன் சேனலுக்காகப் பேசுவார்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்திலும் வாய் சும்மா இராது. கழற்றிய குட்டித் திருகுகளைக் காந்த விரிப்பில் வரிசையாக அடுக்குவார். அவை அட்லாண்டிக்கில் கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்கள். கையில் இருக்கும் ட்வீசர் ஜெர்மன் நீர்மூழ்கி. "பாத்த ஒடனே அடிக்காதுண்ணே. பின்னாலயே போவும். மத்ததுக்குச் சேதி சொல்லும். எல்லாம் வந்து சேந்த பொறவு, இருட்டுல மேல வந்து ஒண்ணா அடிக்கும். ஓநாய்க் கூட்டம் மாதிரி." வன்னியம்பட்டியிலிருந்து சார்ஜர் வாங்க வந்தவர் பேருந்தை விட்டுவிட்டு நின்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த நீர்மூழ்கி வீடியோதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. நீர்மூழ்கித் தலைவன் தலைகாட்டும் இடமெல்லாம் கதாநாயகனுக்குப் போடுகிற இசை. கப்பல் சாயும் இடத்தில் "இரை சிக்கிருச்சு" என்று ஜாபிரின் கர்ஜனை. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

போன வருஷம் ராஜபாளையத்திலிருந்து அல்லா பிச்சை வந்தார். எண்பதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் மில் வாசலில் பனியன் விற்றவர். அவர் போனில் சத்தம் கேட்கவில்லை. ஜாபிர் ஸ்பீக்கரை மாற்றி, வழக்கம்போல் தன் வீடியோவை நடுவிலிருந்து ஓடவிட்டார். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். கரும்புகை விட்டுக்கொண்டு ஒரு சரக்குக் கப்பல் போகிறது.

"ஏலே, நிப்பாட்டு" என்றார் பெரியவர்.

ஜாபிர் நிறுத்தினார்.

"எங்க அத்தா இந்த மாதிரிக் கப்பல்லதான் கரி அள்ளிப் போட்டாக. நான் வயித்துல இருக்கையில பம்பாயில ஏறுனவுக. ஜெர்மன்காரன் அடிச்சு முக்கிட்டான்னு சேதிதான் வந்துச்சு. பெத்த தகப்பன் மொகம் பாக்க ஒரு போட்டோகூடக் கிடையாது." கப்பலின் ஓரத்தில் கடுகளவு தெரிந்த ஓர் ஆளின் மேல் விரலை வைத்தார். "இடுப்புல கைய வச்சு நிக்காகள்ல, அவியதான். அத்தா அப்படித்தான் நிப்பாகன்னு எங்க அம்மா சொல்லுவா."

எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய துண்டுப் படம் அது. எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று ஜாபிருக்கே தெரியாது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் கப்பல் சாய்ந்திருக்கும், அந்த "இரை"யும் பெரியவர் காதில் விழுந்திருக்கும். திருடனைத் தேள் கொட்டிய கதையாக ஜாபிர் நின்றார்.

"இரைன்னு கப்பலத்தான் சொன்னேண்ணே, உள்ள ஆளு இருக்கும்னு தோணவே இல்ல" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். தலை குனிந்தேதான் இருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். லட்சம் பேர் கேட்ட சொல்லை எங்கே போய் அள்ளுவது?

"அது அவங்க அத்தா இல்லைன்னு சொல்லிர வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"வாய் வரைக்கும் வந்துச்சு. அவிய அந்த ஆளத் தடவிக்கிட்டே இருந்தாக. எப்படிச் சொல்ல?"

அல்லா பிச்சையின் அத்தா ஏறிய கப்பலையாவது கண்டுபிடிக்கலாம் என்று ஜாபிர் இணையத்தில் தேடிப் பார்த்தார். பெரியவருக்குக் கப்பலின் பெயர் தெரியாது. சொல்லக்கூடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஜாபிர் அதன்பிறகு போர் வீடியோ எதுவும் போடவில்லை. இந்த வீடியோவையும் தன் போனைத் தவிர வேறெங்கும் ஓடாதபடி பூட்டி வைத்துவிட்டார். "அழிச்சா அவியளுக்கு அத்தா இல்லாமப் போயிருவாக. வெளிய விட்டா நான் பேசுனத அவிய கேட்டுருவாக." எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் அல்லா பிச்சை பேருந்தேறி வந்துவிடுவார். போன வாரம் நானும் அங்கே இருந்தேன். ஜாபிர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க பெரியத்தா" என்றார். தன் போனில் முதலில் சத்தத்தை அடியோடு குறைத்தார். பிறகு கப்பல் வரும் இடம்வரை தள்ளி, அடி விழுவதற்கு முன்னால் நிறுத்திக் கையில் கொடுத்தார்.

"செத்த நேரம் அப்படியே இருக்கட்டும்லே" என்றார் பெரியவர்.

கடைக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. ஜாபிர் ஒரு கையால் வேறொரு போனைக் கழற்றிக்கொண்டிருந்தார். தொடாமல் விட்டால் திரை தானாக இருண்டுவிடும். அது மங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், நிமிர்ந்து பார்க்காமலே மறுகையை நீட்டி, கடுகளவு ஆள்மேல் படாதபடி, திரையின் ஓரத்தில் மட்டும் விரலை வைத்து எடுத்தார்.