வெளியே தொங்கிய பூட்டு

முத்தையாபுரத்தை ஒட்டியுள்ள ஓர் அமிலத் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. பதினான்கு வருடமாக எனக்கு அந்தப் பெயர். தலைக்கவசம் போடாதவனைப் பிடித்து எழுதுவது, தீயணைப்பு சிலிண்டர்களில் தேதி பார்ப்பது, வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் வெயிலில் நிறுத்தி உறுதிமொழி வாசிப்பது என்று காலம் ஓடுகிறது. இது பெரிய வேலை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதுகாப்பு வாரம் வந்துவிட்டால் எங்கள் மேலாளருக்கு ஊர் மேல் அன்பு பொங்கும். பக்கத்துப் பள்ளிக்கூடம் எதற்காவது போய், பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுத்து, போட்டோ பிடித்து, சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். போட்டோவில் பிள்ளைகள் சிரிக்க வேண்டும். பேனர் மடங்காமல் தெரிய வேண்டும். இந்த இரண்டிலும் அவர் காட்டுகிற கவனத்தில் பாதியை அமிலக் குழாய்கள் மேல் காட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன வருடம் தலைப்பு வீட்டுப் பாதுகாப்பு. ஸ்லைடுகள் சென்னையிலிருந்தே வந்தன. யாரோ ஒரு புண்ணியவான் ஏசி அறையில் உட்கார்ந்து செய்தவை. முதல் படத்தில் புல்வெளியோடு ஒரு வீடு. கதவில் வெளியாளைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி. அழைப்புமணி அடித்தால் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். அடுத்து கேமரா. அதற்கடுத்து நீச்சல் குளம். பெரியவர்கள் துணையில்லாமல் இறங்கக் கூடாது. தீப்பிடித்தால் பால்கனிக்கு ஓடி உதவி கேட்க வேண்டும்.

நான் போனது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நடுநிலைப் பள்ளி. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், லாரி ஓட்டுபவர்கள், உப்பு பாக்கெட் போடும் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள், இவர்களுடைய பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் பால்கனி உள்ள வீட்டுப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது என்பது வாசலில் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நீச்சல் குளம் உட்பட எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். பிள்ளைகள் நீச்சல் குளத்தை வாயைப் பிளந்து பார்த்தார்கள். "இது நம்ம ஊரு சினிமா கொட்டாய விடப் பெரிசா சார்?" என்று ஒருவன் கேட்டான். தலைமையாசிரியை அவனை முறைத்தார். அவருக்கு நாங்கள் தருவதாகச் சொன்ன தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் வந்துசேர வேண்டும். அதுவரைக்கும் பிள்ளைகள் எந்தக் கேள்வியும் கேட்டுவிடக் கூடாது.

கடைசியில் கேள்வி பதில். சரியாகச் சொன்னால் டிபன் பாக்ஸ். "அப்பா அம்மா இல்லாதப்போ வீட்டைப் பத்திரமா வச்சுக்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வழியப் பின்னிய இரட்டைச் சடை.

"கதவப் பூட்டணும் சார்."

"வெரி குட்."

அவள் உட்காரவில்லை. "சார், எங்க வீட்டுல கொண்டி வெளிய கெடக்கும். அம்மை வேலைக்குப் போவும்போது எங்களை உள்ள வச்சு, கொண்டிய மட்டும் மாட்டிட்டுப் போயிரும். இனிமே பூட்டும் போட்டுச் சாவிய அம்மை கொண்டுபோவட்டுமா? அது சரியா சார்?"

என்னிடம் அதற்கு ஸ்லைடு இல்லை. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். கூட வந்திருந்த மேலாளர் கேமராக்காரனுக்குக் கை காட்டினார். நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "ரொம்பப் பாதுகாப்பு. வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது பாரு" என்றேன். டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் படம்தான் கம்பெனிப் பத்திரிகையில் வந்தது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் பற்கள் அவ்வளவும் தெரிகின்றன.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு அறையைக்கூட, உள்ளே ஆள் இருக்கும்போது, வெளியே பூட்ட விடமாட்டேன். பூட்டியவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதுவேன். அது தொழிற்சாலை, இது வீடு. என் மூளை இப்படித்தான் வேலை செய்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பத்தரை இருக்கும். கேட்டிலிருந்து போன் வந்தது. பின்னால் உள்ள குடியிருப்பில் தீ, பிள்ளைகள் உள்ளே மாட்டியிருக்கிறார்கள், வண்டி அனுப்புங்கள் என்று ஒருவர் வந்து கத்துகிறாராம். எங்கள் தீயணைப்பு வண்டி பளபளவென்று இருக்கும். வாரம் இருமுறை கழுவுவோம். அது சைரன் போட்டுக்கொண்டு கிளம்பி, சந்து முனையில் நின்றுவிட்டது. அந்தச் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று திரும்பிப் போக வேண்டும். நானும் இரண்டு ஆட்களும் ஆளுக்கொரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நாங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர், டயர் கழற்றும் கம்பியைக் கொண்டிக்குள் விட்டு நெம்பிப் பூட்டைப் பெயர்த்துவிட்டார். தெருவில் இருந்தவர்கள் மணலும் தண்ணீரும் அள்ளிக் கொட்டி அணைத்துவிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. ஜன்னல் கிடையாது. கட்டிலுக்கு அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி கருகி உருகிப்போயிருந்தது. மேலே இருந்த துணி மூட்டையும் மெத்தையும் புகைந்துகொண்டிருந்தன. எங்கள் ஆட்கள் வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அணைந்த மெத்தையின் மேல் பவுடர் அடித்தார்கள்.

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண்ணும் ஐந்து வயசுத் தம்பியும் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் கரி. இரட்டைச் சடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, டிபன் பாக்ஸ் வாங்கிய பெண்.

பஞ்சர் கடைக்காரர்தான் சொன்னார்: "குளிக்கிற மூலைல தண்ணி போறதுக்கு ஒரு ஓட்டை இருக்குல்லா அண்ணாச்சி, அதுல தம்பி மூஞ்சிய வச்சு அமுக்கிப் பிடிச்சிருக்கா. அவ அது வழியாத்தான் கத்துனா. நான் முதல்ல ஏதோ பூனைன்னு நெனச்சேன்."

"அந்த ஓட்டையப் பத்தி யாரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். என் தொழில்புத்தி.

"யாரு சொல்லணும்? கரண்டு போனா ரெண்டும் அங்கனதான் காத்துக்குப் படுத்துக் கெடக்கும்."

நான் வாசித்த ஸ்லைடுகளில் அந்த வீட்டுக்குப் பொருந்துகிற ஒரு வரிகூட இல்லை.

தாய் வந்தாள். உப்பு பாக்கெட் கம்பெனியிலிருந்து யாரோ பைக்கில் கொண்டுவந்து இறக்கினார்கள். கையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வந்த வேகத்தில் மகள் முதுகில் ஒன்று வைத்தாள். "சவத்து மூதி, ஸ்விட்ச தொடாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" பிறகு இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் ஒரு கிழவர், "ஏளா, பிள்ளையளை உள்ள வச்சுப் பூட்டலாமா?" என்று சத்தம் போட்டார். தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னாள்.

"முன்னால கொண்டிய மட்டும் மாட்டிட்டுத்தான் போவேன் மாமா. எதிர்த்த வீட்டு அக்கா தட்டுனா தொறந்துவிடும். பள்ளிக்கூடத்துல கம்பெனி சாரு வந்து, பூட்டுறதுதான் பாதுகாப்புன்னு சொன்னாவளாம். பிள்ள வந்து சொல்லிச்சு. படிச்சவிய சொன்னா சரியாத்தான இருக்கும்? அதுக்கப்பறம்தான் பூட்டு வாங்கிப் போட்டேன்."

அந்த சார் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியும். அந்தப் பெண் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நன்றியோடு ஏற்றுக்கொண்டிருப்பேன். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சந்துக்குள் காரை விட முடியாமல் நடந்து வந்த மேலாளர், மூக்கில் கைக்குட்டை வைத்தபடி, "நம்ம ஆட்கள் அந்தப் பவுடர் அடிக்கிறதை இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுங்க, படம் எடுத்துக்கலாம்" என்றார். எங்கள் ஆட்கள் இன்னொரு தடவை அடித்தார்கள்.

வீடு திரும்பினேன். எனக்கும் பத்து வயதில் ஒரு மகள். டவுனில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அவளைக் கூப்பிட்டு, "தீப்பிடிச்சா என்ன செய்வே?" என்று கேட்டேன். கைகட்டி நின்று ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். நில், விழு, உருள். அவள் பள்ளியில் அதற்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறாள்.

"சரி, இப்போ வெளியே போ பார்ப்போம்" என்றேன். வாசலில் மரக்கதவுக்கு வெளியே எங்களுக்கு ஒரு இரும்புக் கதவு உண்டு. திருட்டுப் பயத்தில் நானே நின்று போடச் சொன்னது. உள்பக்கம் பூட்டி, சாவியை பிரிட்ஜ் மேல், அவளுக்கு எட்டாத இடத்தில் வைப்போம். தொலைத்துவிடக் கூடாதே. தொழிற்சாலை ஒத்திகையில் பார்ப்பது மாதிரி கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்து வந்து, ஏறி, சாவிக்கொத்தை எடுத்து, ஆறு சாவியில் எதுவென்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுத் திருகினாள். நாலு நிமிடம் ஆகியும் திறக்கவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சனிக்கிழமையும் அதுவுமா பிள்ளைய ஏன் இப்படிப் படுத்துறீங்க?" என்றாள் மனைவி. எனக்கு வந்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. பதினான்கு வருடம்! வீட்டுக்குள் ஒரு சாவியை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு அந்தச் சந்துக்குள் நடந்தேன். தாய் சுவரில் கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "பள்ளிக்கூடத்துக்கு வந்து பூட்டு நல்லதுன்னு சொன்னது நான்தான்" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்தாள். "தெரியும். பிள்ள நேத்தே சொல்லிட்டா."

"அது தப்பு. நான் யோசிக்காம சொல்லிட்டேன்."

"நீங்க யோசிக்கல, செரி. நான் யோசிக்காமலா பூட்டுனேன்? பின்னால லாரி நிப்பாட்டுற செட்டு இருக்கு. பட்டப்பகல்ல குடிச்சிட்டுக் கெடப்பானுவ. ஒருத்தன் ஒரு நாளு தண்ணி கேக்குதேன்னு உள்ளயே வந்துட்டான். பிள்ளைக்கு ஒம்பது வயசு. எங்க வீட்டு ஆளு லாரில போனா மாசத்துக்கு நாலு நாளுதான் வீட்டுல. பூட்டுனா தீயிக்குப் பயம், பூட்டாட்டா ஆளுக்குப் பயம். இதுக்கு உங்க கம்பெனில என்ன படம் வச்சிருக்கிய?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவள் உள்ளே கையைக் காட்டினாள். பெயர்ந்த கொண்டி இருந்த இடத்தில் பலகை வைத்து அடைத்திருந்தது. கதவின் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள். பஞ்சர் கடைக்காரர் விடிந்ததும் வந்து அடித்துக் கொடுத்தாராம். இனிமேல் பிள்ளைகள் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளும். எதிர்வீட்டு அக்கா குரல் கேட்டால் மட்டும் திறக்கும். அக்காளும் அரை மணிக்கொரு தரம் கூப்பிட்டுப் பார்ப்பதாகப் பேச்சு. எவனும் வந்து வகுப்பெடுக்காமலே இவ்வளவும் நடந்திருந்தது.

பெண் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள். திறந்து காட்டினாள். "சரியா சார்?" என்று கேட்டாள்.

நல்லது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "கண்ணை மூடிக்கிட்டுத் தொற" என்றேன். திறந்தாள். "குனிஞ்சு வந்து தொற." வந்து, எட்டி, திறந்தாள். "இப்போ தம்பி தொறக்கட்டும்."

தம்பி கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எம்பினான். தாழ்ப்பாள் அவன் கைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. மூன்று முறை எம்பிவிட்டு அக்காளைப் பார்த்தான். அக்காள் என்னைப் பார்த்தாள். தாய் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து கதவைப் பார்த்தாள்.

"அவ மயங்கி விழுந்துட்டா இவன் என்ன செய்வான்?" என்றேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தாய் வாசலுக்குப் போய்ச் சந்து முனையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். பஞ்சர் கடைக்காரர் திருப்புளியும் சுத்தியலுமாக வந்தார். தாழ்ப்பாளைக் கழற்றிக் கீழே இறக்கினார். தம்பியை நிற்க வைத்து, கையை அளந்து, பழைய துளையை அடைத்து, புதுத் துளை போட்டார். வேலை முடிகிறவரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கடைசி திருகை முறுக்கிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"கம்பெனில இதுக்குன்னே ஆளு வச்சிருக்காவளாமே அண்ணாச்சி. நேத்தே இங்கன நின்னு சொல்லியிருந்தா ஒரே வேலையா முடிஞ்சிருக்கும்" என்றார்.