அடம்பங்கொடிக்கு உப்புத் தண்ணீர்

பெங்களூர் விவேக் நகரில் எங்கள் தெருவுக்கு மணல் லாரி வந்து பின்பக்கத்தைத் தூக்கும்போது ஒரு சத்தம் வரும். சர்ரென்று இழுத்து, மெல்ல மெல்ல அடங்கும். அலை கரையை விட்டு வழுகிப் போகிற அதே சத்தம். சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிடும். மணலை விலைக்கு வாங்குகிற ஊருக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் இது பழகவில்லை. எங்கள் கரையில் மணலைக் கூட்டித் தள்ளுவோம், பாயிலிருந்து உதறுவோம், சோற்றிலிருந்து துப்புவோம். இங்கே தார்ப்பாய் போட்டு மூடிக் காவல் வைக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், அத்தானைக் கடல் கொண்டுபோன மறு வருடம், அக்காவை இங்கே அழைத்துவந்தேன். "ஒரு வருசம் பாக்கேன். ஒத்துக்கிட்டா இருக்கேன். இல்லேன்னா மூஞ்சியத் தூக்காம பஸ் ஏத்தி விட்டிரணும்" என்றாள். அவளுக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை வேறு. கல்யாணம் வேண்டாமென்று திரிந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என்னை ஊர் ராகத்தில் கூப்பிட ஒரு குரல் வேண்டியிருந்தது.

ஒரு துணிப்பை, ஈரச் சாக்கில் சுற்றிய அடம்பங்கொடித் துண்டு. அவள் கொண்டுவந்தது அவ்வளவுதான். ஆட்டுக் குளம்பு போல இலை பிளந்த, ஊதாப் பூப் பூக்கிற அந்தக் கொடியை எங்கள் கரையில் யாரும் நட்டதில்லை. உச்சிவெயிலில் மணல் காலைச் சுடும்போது அதை மிதித்து மிதித்துத்தான் தண்ணீருக்குப் போவோம். சொறிமீன் தீண்டினால் இலையை வாட்டிக் கட்டுவோம். புயலுக்கு மறுநாள் கரையே இடம் மாறிக் கிடக்கும். அது மட்டும் மணலைப் பிடித்தபடி, எதுவும் நடக்காதது போலப் பூத்திருக்கும்.

மாடியில் எண்ணெய் டின்னில் லாரி மணலைப் போட்டு நட்டாள். வேர் பிடித்தது, படர்ந்தது, பூக்கவில்லை. "இது ஆத்து மணலுல. உப்பில்லாத சோத்த எவன் திம்பான்?" என்று தினமும் கல்லுப்பைக் கரைத்து ஊற்ற ஆரம்பித்தாள். அந்தக் கொடி உப்பைக் கேட்பதில்லை, பொறுத்துக்கொள்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

டின்னுக்கு நேர் கீழே வீட்டுக்கார ஜெயம்மாவின் கனகாம்பரப் பாத்தி. மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் வராது. ஒரு மாதத்தில் செடிகள் கருகின, மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தது. "யாரோ நம்ம மனெகெ மாட்டா மாடித்தாரெ!" என்று ஒரு காலையில் அலறினார். வாசலில் உப்பைக் கண்டால் செய்வினை என்று நடுங்குகிறவர்.

அக்கா தானாகவே இறங்கிப் போனாள். "நாந்தாம்மா ஊத்துனேன். கடக்கரைக் கொடி, உப்புக் கேக்கும்னு நெனச்சேன். கீழ ஒழுகும்னு தெரியாது." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுல."

சொன்னேன். ஆனால் அவள் சொன்னதைச் சொல்லவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். புருஷன் போனதிலிருந்து இவளுக்குத் தலை சரியில்லை, மனதில் வைக்காதீர்கள் என்று கன்னடத்தில் சொன்னேன். ஜெயம்மாவின் முகம் இளகியது. "அய்யோ, பாப" என்று பரிதாபப்பட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கையை மெல்ல உருவிக்கொண்டாள். வீடு தப்பியது. சமாளித்துவிட்டேன் என்ற திருப்தியோடு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தால் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. சொன்ன வருடம் முடிய இன்னும் நாலு மாதம். கெஞ்சியும் காரணம் சொல்லவில்லை.

மறுநாள் டின்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கி ஜெயம்மாவிடம் நீட்டினாள். "ஜாஸ்தி நீரு ஹாகபேடி ஜெயம்மா. உப்பூ பேடா" என்றாள். தண்ணீரும் அதிகம் வேண்டாமாம், உப்பும் வேண்டாமாம். தட்டுத் தடுமாறாத, தெளிந்த கன்னடம். ஜெயம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எட்டு மாதம் குழாயடியில் நின்றவள் அக்கா. நான்தான் அவளைத் தமிழுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவளாக நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் நான் சொன்னதும் அவளுக்குப் புரிந்துதான் இருந்திருக்கிறது. எட்டே மாதத்தில் அவளுக்கு இங்கே ஒரு மனுஷி இருந்தாள். பத்து வருடம் இருந்தும் நான் வீட்டுக்காரர் முகம் பார்த்துப் பேசுகிறவன்.

பஸ் கிளம்ப, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தேன். என் விரல்மேல் கையை வைத்தாள்.

"கிறுக்கின்னு சொன்னதுகூடப் போகட்டும்ல. ஊத்துனது எங்கக்கா, தெரியாமச் செஞ்சிட்டான்னு சொல்லியிருக்கலாம்லா, தம்பி."