பொன்னையா பெரியப்பாவைத் தேடி ஒரு சனிக்கிழமை

காலை 8.40. பழவந்தாங்கல் ரயில் நிலையம், நங்கநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மாம்பலத்துக்கு மூன்று ரூபாய் டிக்கெட். கைப்பையில் என் மகளின் கல்யாணப் பத்திரிகை. அச்சகம் திருத்தத்துக்குக் கொடுத்த தாள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1996, ஜூன் மாதத்துச் சனிக்கிழமை அது.

பத்திரிகைக்குப் பெரியவர்கள் பெயரை எழுத உட்கார்ந்தவள், எங்கள் வம்சத்தையே காலண்டர் தாளின் பின்பக்கம் கிளை கிளையாக வரைய ஆரம்பித்துவிட்டேன். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் நான். எதையும் அரைகுறையாக விட எனக்கு வராது. வீட்டில் இருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பிரித்து, பெயர், உறவு, ஊர் என்று குறித்துக்கொண்டே போனேன். வம்சாவளி எழுத நினைக்கிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். யாருக்கு யார் என்ன முறை என்பதைப் பத்திரிகை புட்டுப் புட்டு வைத்துவிடும்.

வரைந்ததை அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"அண்ணன் பேரு எங்கம்மா?"

பொன்னையா பெரியப்பா. எனக்குப் பதினைந்து வயதில், ஊரில் வீட்டைப் பாகம் பிரித்தபோது அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்கு வந்தவர். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. இப்போது அப்பாவே, "பத்திரிகைல அண்ணன் பேரப் போடணும்" என்கிறார். போடலாம். உயிரோடு இருந்தால் பெயர் முதலில் வரும்; இல்லையென்றால் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' வரும். எது என்று யாருக்குத் தெரியும்?

"பேரையே விட்டுடு, யாரு கேக்கப் போறா?" என்றார் என் கணவர்.

"அப்பா கேட்டுட்டாரே!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 9.15. தியாகராய நகர். பெரியப்பா வேலை பார்த்ததாக அப்பா சொன்ன பாத்திரக்கடை, ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்.

"பொன்னையா அண்ணாச்சியா? எழுவத்தஞ்சுலயே தனிக்கடை போட்டுட்டாவளே. மயிலாப்பூர்ல, தெப்பக்குளத்துக்குத் தெக்கால."

"இப்ப இருக்காங்களா?"

"அது தெரியாதும்மா. பாத்தே பத்து வருசம் இருக்கும். நில்லுங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். 12பி பேருந்தில் இரண்டு ரூபாய் கொடுத்து மயிலாப்பூர் போனேன். தெற்கு மாட வீதியை இரண்டு தடவை அளந்த பிறகு தெரிந்தது, பாத்திரக்கடை இருந்த இடத்தில் இப்போது எஸ்.டி.டி. பூத். விட்டுவிடுவதா? பக்கத்துக் கடை ஓர் அச்சகம். நுழைந்தேன்.

"பொன்னையாவா? அவர் பொண்ணு கல்யாணப் பத்திரிகை இங்கதானே அடிச்சது! இருங்கோ, மாதிரியெல்லாம் ஒட்டி வச்சிண்டிருக்கேன்" என்று அச்சகக்காரர் தலையணை பருமனுக்கு ஓர் ஆல்பத்தை எடுத்துப் புரட்டினார். கிடைத்தது. 1984ஆம் வருஷப் பத்திரிகை. அடியில் வீட்டு விலாசம், அடையாறு காந்தி நகர். அட, ஜெயித்துவிட்டோம் என்று மேலே படித்தால், மணப்பெண்ணின் சித்தப்பா என்று போட்டு, 'தெய்வத்திரு செல்லையா'.

செல்லையா என் அப்பா! அந்த வருஷம் அறுபது வயதில் தினமும் மார்க்கெட்டுக்கு நடந்து போய்ப் பேரம் பேசிக் காய் வாங்கி வந்துகொண்டிருந்தவர். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"சார், இவர் எங்கப்பா. உயிரோட இருக்கார்."

"அடடா! எழுதிக் குடுத்ததை அடிச்சோம், நாங்க என்னத்தைக் கண்டோம்?" என்றவர், அந்தப் பத்திரிகையைக் கிழியாமல் உரித்து என் கையில் கொடுத்தார். "எடுத்துண்டு போங்கோ. இதை இனிமே நான் நாலு பேருக்குக் காட்டப்படாது."

ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார். நாலு கிலோமீட்டர் சொச்சத்துக்கு நாற்பதா என்று எகிறினேன். "இன்னாம்மா, ரோட்ல எவ்ளோ கூட்டம் கீது பாரு" என்றார். இருபத்தைந்துக்குப் படிந்தது. மந்தைவெளி தாண்டியதும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "யார் மேலம்மா இவ்ளோ கோவம்?" என்று கேட்டார்.

"உயிரோட இருக்கிறவரைச் சாகடிச்சவர் மேல."

மனிதர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டு வண்டியை விரட்டினார்.

பகல் 11.50. காந்தி நகர். கதவைத் திறந்தவரை யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் அதே காது, அதே நெற்றி. பெரியப்பா இருக்கிறார். வணக்கம்கூடச் சொல்லாமல் பத்திரிகையை நீட்டினேன்.

"செல்லையா மக நான். அப்பா நங்கநல்லூர்ல நல்லாத்தான் இருக்காங்க."

நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "தெரியும்மா. ஊர்க்காரங்க சொல்லுவாங்க."

"தெரிஞ்சே போட்டீங்களா?"

"வேற என்ன செய்யச் சொல்லுத? தம்பி ஏன் கல்யாணத்துக்கு வரலன்னு சம்பந்தி வீட்டுல கேட்டா நான் என்ன சொல்ல? செத்தவன எங்கன்னு எவனும் கேக்க மாட்டான்."

"அதுக்குப் பேரையே விட்டிருக்கலாமே!"

நிமிர்ந்து பார்த்தார். "அதெப்படி விட? கூடப் பொறந்தவன்லா?"

திருத்தத் தாளைக் காட்டி, பெரியப்பா பெயரைப் போடச் சொன்னதே அப்பாதான் என்றேன். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நாளைக்கே நங்கநல்லூர் வருவதாகச் சொன்னார். விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய பத்திரிகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

பகல் 1.30. சைதாப்பேட்டை ரயில் நிலையம். வண்டிக்குக் காத்திருந்தபோது எங்கள் வீட்டுப் பத்திரிகைகளை நினைத்துப் பார்த்தேன். என் கல்யாணம், என் தம்பியின் கல்யாணம். ஒன்றிலும் பெரியப்பா கிடையாது. அடையாற்றுப் பத்திரிகையில் அப்பா செத்திருந்தார். எங்கள் பத்திரிகைகளிலோ பெரியப்பா பிறக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் அப்பா கேட்டார், "அண்ணன் இருக்காவளா?"

"இருக்காங்க. நாளைக்கு வாராங்க."

மறைக்க மனம் வரவில்லை. அந்தப் பழைய பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். தன் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாத்தியா," என்றார் அப்பா, "அண்ணன் என் பேர விடல."