கால் பட்டதும் நின்றுபோன டாங்கோ

பனிக்கால டில்லியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்திருந்தால், மூச்சுக் காற்றே படிந்து வெளியே ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும் வரும்... மேல்மாடியில் யாரோ ஆர்மோனியத்தை இழுத்து இழுத்து விடுவது போல ஒரு இசை. அதற்கு டாங்கோ என்று பெயர் இருப்பது எனக்கு ரிட்டயர் ஆன பிறகுதான் தெரியும்.

எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். சொல்லச் சொல்ல மருமகள்தான் இதைப் போனில் அடிக்கிறாள்.

மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க ஆபீஸ் டிரைவர். அதிகாரிகளைப் பார்ட்டியில் இறக்கிவிட்டு வாசலில் நிற்பேன். ரிட்டயர் ஆன பிறகு டில்லியிலேயே துவாரகாவில் மகன் வீடு. அங்கே எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியிலேயே இருந்த நீரு மேடத்துக்குச் சனிக்கிழமை மட்டும் கார் ஓட்டினேன். பஞ்சாபிக்காரர், டாங்கோ என்கிற அந்த ஜோடி நடனத்தைச் சொல்லித்தரும் டீச்சர்.

ஒருநாள் சாப்பாடு போடும்போது என் மனைவி கமலம் கேட்டாள்.

"ஏங்க, டில்லி பூரா வாசல்லயே நின்னுட்டு வந்திருக்கீங்களே... உள்ள என்னதான் நடக்குது? என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போங்களேன்."

தயங்கித் தயங்கி மேடத்திடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சும்மா பாக்க எதுக்கு அங்கிள்ஜி? ஆண்ட்டியோட கிளாசுக்கு வாங்க. ஒரு முழுப் பாட்டு நிக்காம ஆடிட்டா, ஹோட்டல் மொட்டை மாடி டான்சுக்கு நீங்க என் கெஸ்ட்."

நிற்காமல் என்பதுதான் விஷயம். டாங்கோவில் எல்லா ஜோடியும் ஒரே பக்கமாகச் சுற்றி வரவேண்டும். ஒருவர் நின்றால் பின்னால் அத்தனை பேரும் ஜாம்... ரிங் ரோடு மாதிரி.

நடை எங்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. கால்தான் பிரச்சினை. அவள் கால் என்மேல் பட்டால், உடனே கையை விட்டுவிட்டு என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். என் கால் பட்டால் நானும் அப்படியே. பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், கை தானாகப் போகிறது.

பின்னால் மனைவியோடு ஆடிவந்த சர்தார்ஜி ஒவ்வொரு தடவையும் எங்கள் மேல் வந்து இடிப்பார்.

"அரே பாய்சாப், மறுபடி ரெட் சிக்னலா?"

மொட்டை மாடிக்கு முந்தைய கடைசி வகுப்பு. கமலம் பட்டுப் புடவையை இஸ்திரி போட்டே வைத்துவிட்டாள். ஆனால் அன்றைக்கும் பாதிப் பாட்டில் நின்றோம். மேடம் உதட்டைப் பிதுக்கினார். கமலத்தின் முகம் வாடிவிட்டது. மேடம் மனசு கேட்காமல், "சலோ, இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்றார்.

கமலம் என் தோளில் கை வைத்து, காதோடு சொன்னாள்.

"இந்தப் பாட்டுல எவ்வளவு மிதிச்சாலும் சேர்த்து வச்சுக்குங்க. கடைசில மொத்தமா ஒரே கும்பிடா போட்டுக்கலாம்."

மிதித்தேன். அவளும் மிதித்தாள். "இதையும் சேத்துக்குங்க" என்று அவள் முணுமுணுக்க, எனக்குச் சிரிப்பில் உடம்பே குலுங்கியது. கால் மட்டும் நிற்கவில்லை. பாட்டு முடிந்ததும் இருவரும் ஒன்றாகக் குனிய, தலை இரண்டும் முட்டிக்கொண்டன. முதலில் கைதட்டியது சர்தார்ஜிதான்.

அடுத்த சனிக்கிழமை மெஹ்ரோலியில் அந்த மொட்டை மாடி... தூரத்தில் வெளிச்சம் போட்ட குதுப் மினார். பட்டுப் புடவைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், கையில் ஜூஸ் கிளாஸ். கமலத்தை வெயிட்டர் "மேடம்" என்று கூப்பிட்டான். அவள் கைப்பிடிச் சுவரோரம் போய் பார்க்கிங்கை எட்டிப் பார்த்தாள்.

"இங்கேர்ந்து பாத்தா காரெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்குங்க."

அன்று நாலு பாட்டுக்கு ஆடினோம். யாரையும் நிறுத்தவில்லை.

இப்போது நீரு மேடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். கமலத்துக்கு முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை மருமகள் போனில் பாட்டு வைத்தால், ஃப்ரிட்ஜுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஒரு சுற்று வருவோம். எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், கேட்க ஆளில்லை. பின்னால் ஒரு கூட்டமே நெருக்கிக்கொண்டு வந்ததில் ஒரு குஷி இருந்தது... அது வீட்டில் கிடைப்பதில்லை.

ஆனாலும் இன்றுவரை கமலம் நைட்டியில் ஆட வந்ததில்லை. "இருங்க, புடவை மாத்திட்டு வர்றேன்" என்பாள். அவள் வந்ததும் பாட்டை முதலிலிருந்து போடச் சொல்வேன்.