பிடியில் ஒரு பென்சில் கோடு

நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மன்ற் அறையில், கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சிறிய கோடரி தொங்குகிறது. ஒரு பக்கம் அலகு. மறுபக்கம் இரும்பு உருண்டை. அந்த உருண்டையைப் பார்த்தாலே இது ஒரு காலத்தில் சுத்தியலாக இருந்தது என்று விளங்கிவிடும். இரும்புத் தலை முடிந்து மரப்பிடி தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. தலை தன் இடத்தில் இறுக்கமாக இருந்தால் கோடு இரும்புக்குள் மறைந்திருக்கும். மயிரிழை மேலே நகர்ந்தாலும் வெளியே எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்கி வீட்டுக்காரர் ஹீற்றரைப் போடும் நாளில் நான் அதை இறக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

இதைச் செய்தவர் எங்கள் லீட் ஹாண்ட். கனடாவின் ஸ்காபரோவில், கடைகளில் சாமான் அடுக்கும் இரும்பு றாக்கைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், எங்கள் வரிசை மெஷின்களையும் அதில் நிற்கிற ஆட்களையும் பார்த்து நடத்துகிறவர் அவர்தான். என்னை விட ஒரு வயதுதான் கூட. ஆனாலும் எல்லோரையும் போல நானும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டேன். நான் அப்போது யாருடனும் அதிகம் பேசமாட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன். ஒரு படிவம் கையில் கிடைத்தால் அதை நிரப்பித் தரச் சொல்லி யாரைக் கேட்பது என்பதிலேயே இரண்டு நாள் போய்விடும். மத்தியானச் சாப்பாட்டையும் காருக்குள் இருந்துதான் சாப்பிடுவேன். சாப்பாட்டு அறையில் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

ஒருநாள் அந்தக் கார்க் கண்ணாடியில்தான் அவர் தட்டினார். கையில் தொழிற்சாலைச் சுத்தியல். முதல்நாள் அதன் பிடி முறிந்து கிடந்தது. சும்மா இருந்த நேரத்தில் ஒரு பழைய பலகையைச் செதுக்கிப் புதுப்பிடி போட்டு வைத்திருந்தேன்.

“ஐசே, இந்தப் பிடி ஆர் போட்டது?”

வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். “நான்தான் அண்ணை.”

“எங்க படிச்சனீர்?”

“படிக்கேல்லை அண்ணை. ஊரில விறகு கொத்தினனான். பிடி நானேதான் போடுவன்.”

சுத்தியலைத் தலைகீழாகத் திருப்பி ஆப்பைப் பார்த்தார். “படிச்சிருந்தா இப்பிடி வந்திராது. சனிக்கிழமை மில்லிக்கனுக்கு, எங்கட வீட்டுக்கு வாரும். வேலை இருக்கு.”

அவருடைய கராஜில் கார் இல்லை. ஒரு துண்டு ரயில் தண்டவாளம் இருந்தது. அடுப்புக் கற்களை அடுக்கிச் செய்த சிறு உலை இருந்தது. பக்கத்தில் காஸ் சிலிண்டர். சுவர் முழுக்கக் கோடரிகள். ரொமஹோக் என்றார். இந்த மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து வந்த பெயராம், எறிகிற கோடரி. வீடுகளுக்கு முன்னால் பழைய சாமான் விற்கும் நாட்களில், ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் உருண்டையுமான பழைய சுத்தியல் தலைகளைத் தேடி எடுத்து வருவார். தட்டைப் பக்கத்தைச் செந்நிறமாகக் காய்ச்சி, தண்டவாளத்தின் மேல் வைத்துத் தட்டித் தட்டி அலகாக விரிப்பார். பிறகு சாம்பல் நிரப்பிய வாளிக்குள் புதைத்து ஆற விடுவார். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் அலகு கண்ணாடி போல உடைந்துவிடும் என்பார். எல்லாம் அவருக்கு வந்தது. பிடி மட்டும் வரவில்லை. அதற்குத்தான் நான்.

அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவரும்போதெல்லாம் என்னிடம்தான் முறையிடுவார். “மற்ற வீட்டு ஆம்பிளையள் கராஜுக்குள்ள கார் விடுகினம். உவர் விறகும் கொத்துறேல்லை, வேட்டைக்கும் போறேல்லை. வீட்டில பதினாலு கோடரி!”

“பதின்மூண்டு. ஒண்டு இன்னும் சுத்தியலாத்தான் இருக்கு” என்பார் அண்ணை, தலையை நிமிர்த்தாமல்.

வீட்டின் பின்வளவில் ஒரு மரக்குற்றியைத் தாங்கியில் ஏற்றி வைத்திருந்தார். ஐந்து எட்டு எடுத்து வைக்கும் தூரத்தில் நின்று எறிந்தால் கோடரி ஒரே ஒரு சுற்றுச் சுற்றி அலகால் குத்தும். நான் எறிந்தபோதெல்லாம் பிடியால் அடித்துக் கீழே விழுந்தது. “கோவத்தோட எறியிறீர். இது எறியிறேல்லை ஐசே, விடுறது. கை தன்பாட்டில விடவேணும்” என்றார். எனக்குள் கோபம் இருக்கிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

கோடரிகளுக்கு நடுவில் பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு படம் ஒட்டியிருந்தது. நீளமான பழைய துப்பாக்கி. இருநூறு வருடங்களுக்கு முன்பு ஒஸ்திரியப் பட்டாளம் வைத்திருந்த காற்றுத் துப்பாக்கி என்றார். வெடிமருந்து கிடையாது. நெருப்பும் புகையும் கிடையாது. தோளில் அணைக்கிற பின்பகுதிதான் காற்றை அடைத்து வைக்கும் இரும்புப் புட்டி. அதைக் கழற்றி, சைக்கிளுக்கு அடிப்பது போலப் பம்பால் அடிக்கவேண்டும், ஆயிரம் தரத்துக்கும் மேல். காற்று ஒழுகாமல் பிடிப்பதற்கு உள்ளே தோல் வாசர். அது காய்ந்தால் சரி, எல்லாம் முடிந்தது. எங்கள் ஊர்ச் சைக்கிள் பம்புக்குத் தேங்காயெண்ணெய் விட்டது போல, அந்தச் சிப்பாய்களும் தோலை ஈரமாகவே வைத்திருக்க வேண்டியிருந்ததாம். கவனிக்கத் தெரியாதவன் கையில் அது வெறும் தடி. அதனால்தான் பட்டாளம் அதைக் கைவிட்டதாம். இதைச் சொல்லும்போது பட்டாளத்தின் மேல் அவருக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தது.

துப்பாக்கிச் சத்தம் என்றாலே எனக்குப் பயம். எனக்கு மட்டுமல்ல, அவருக்கும்தான். கனடா தினத்தில் வாணவேடிக்கை தொடங்கினால் கராஜ் கதவை இறக்கிவிட்டு உள்ளே இருந்துவிடுவார் என்று அவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு ஏன் இந்த ஆசை என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். அரத்தைக் கீழே வைத்தார். “சத்தமில்லாத துவக்கு ஒண்டு உலகத்தில இருந்திருக்கெண்டு தெரிஞ்ச நாள் எனக்குப் பெரிய ஆறுதலா இருந்தது. ஒருக்கா அதைப் பக்கத்தில நிண்டு கேக்கவேணும்.”

நகரத்துக்கு வடக்கே, ஒரு பண்ணையில் பழங்காலக் கருவிகளில் பிரியமுள்ளவர்கள் கூடும் கிளப் ஒன்று இருந்தது. அதன் தலைவரான வயதான வெள்ளைக்காரரிடம் அந்தத் துப்பாக்கியைப் போலவே செய்த ஒன்று இருந்தது. யாரையும் தொட விடமாட்டார். அண்ணை மூன்று வருடம் அங்கே போய்க் கோடரி எறிந்து, ஆட்களுடைய கோடரிகளைத் தீட்டிக் கொடுத்து, கடைசியில் அவருடைய வாயிலிருந்து ஒரு வாக்கு வாங்கியிருந்தார். இலையுதிர்காலக் கூட்டம் முடிந்ததும் அண்ணையே காற்றடித்து ஒரு குண்டு சுடலாம். ஒன்றே ஒன்று.

அந்தக் கூட்டத்துக்கென்று செய்த கோடரிதான் இது. வியாழக்கிழமை நான் பிடி போட்டு ஆப்பு அடித்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஊரில் கோடரிக்கும் மண்வெட்டிக்கும் பிடி போட்டால், இறுகட்டும் என்று ஒரு இரவு தண்ணீருக்குள் போட்டு வைப்போம். மரம் ஊதித் துளையை நிறைத்துவிடும். நானும் தலைப்பக்கத்தை வாளித் தண்ணீரில் வைத்தேன். காலையில் கல் போல இறுகியிருந்தது. ஈரத்தோடு கொடுப்பது மரியாதையில்லை என்று, கூட்டத்துக்குப் போகும்வரை ஹீற்றருக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். இந்த நாட்டு ஹீற்றர்க் காற்று எங்கள் ஊர்க் கோடை வெயிலை விட மோசமானது என்பது என் புத்தியில் வரவில்லை. ஊதும்போது இரும்புக்குள் நசுங்கிய மரம், காயும்போது முன்பிருந்ததை விடச் சிறுத்துவிட்டது.

சனிக்கிழமை பண்ணைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மூன்றாவது எறி. அண்ணையின் கையை விட்டுப் போனது பிடி மட்டும்தான். தலை தனியாகக் கழன்று, கயிறு கட்டிய எல்லைக்கு மேலால் பறந்து, சாப்பாட்டு மேசையின் காலில் அடித்து விழுந்தது. மேசையில் யாரும் இருக்கவில்லை. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஒரு பெண் இருந்தார்.

தலைவர் பிடியை எடுத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே அது விளங்கியது. இந்தப் பிடி யார் போட்டது? கார்க் கண்ணாடிக்கு வெளியே நின்று அண்ணை கேட்ட அதே கேள்வி. அன்று பதில் சொன்ன வாய் இன்று திறக்கவில்லை. அண்ணை பிடியின் முனையை விரலால் தடவினார். அங்கே தண்ணீர்க்கறை சாம்பல் நிறத்தில் ஒரு வளையமாக இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கோடரி தன்னுடையது என்றும், எறிய முன்னர் சோதித்துப் பார்க்காதது தன் பிழை என்றும் சொன்னார். தலைவர் தலையசைத்தார். துப்பாக்கி இருந்த பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

திரும்பி வரும் வழியில் நெடுநேரம் கழித்துத்தான் கேட்டார். “தண்ணியில வைச்சனீரோ?”

“ஓம் அண்ணை.”

“நானெண்டாலும் வைச்சிருப்பன்” என்றார். பிறகு சிரித்தார். “தோலுக்குத் தண்ணி வேணும், மரத்துக்குக் கூடாது. நான் தோலைப் பற்றி மட்டும்தானே உமக்குச் சொன்னனான்.”

ஏசியிருந்தால் அதோடு போயிருக்கும். அடுத்த ஞாயிறு அந்தக் கறை பிடித்த பிடியை எடுத்துக்கொண்டு தனியாக அந்தப் பண்ணைக்குப் போனேன். வழி முழுக்க மூன்று வசனங்களைச் சொல்லிப் பார்த்தபடி ஓட்டினேன். தலைவர் வேலி திருத்திக்கொண்டு நின்றார். பிடியை நீட்டினேன். “ஐ மேக் ஹாண்டில். ஐ புட் வாட்டர். நொட் ஹிம்.” அவர் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பிடியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அடுத்த வசந்தத்தில் அண்ணைக்குத் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. அண்ணையே காற்றடித்தார். அறுபது எழுபது தரத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். நான் கைகொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டினார். கடைசியில் புட்டியைப் பூட்டி, தோளில் அணைத்து, குற்றியைப் பார்த்துச் சுட்டார். யாரோ ஒரு தரம் கை தட்டியது போல இருந்தது. வேலியில் இருந்த குருவிகள் பறக்கவில்லை.

“கேட்டுதே ஐசே?”

“பெரிசா ஒண்டும் கேக்கேல்லை அண்ணை.”

“அதுதான்” என்றார். கண் கலங்கியிருந்தது.

அன்று மாலை, கழன்று விழுந்த அந்தக் கோடரித் தலைக்கு என்னைக் கொண்டே புதுப்பிடி போடுவித்து, தன் கையால் பென்சில் கோடு இழுத்து, எனக்கே தந்தார். பிடி போட்டது யார் என்று நான் போய்ச் சொன்ன கதையைத் தலைவர் அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். அண்ணை அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை.

ஓய்வு பெற்றதும் மகளோடு இருக்க மேற்கே போய்விட்டார். ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்கும்போது தொலைபேசியில் கூப்பிடுவார். சுகம் கேட்கமாட்டார். “கோடு தெரியுதோ?” என்பதுதான் முதல் கேள்வி. இந்த வருடம் ஹீற்றர் போட்டு ஒரு கிழமையாகியும் அழைப்பு வரவில்லை. வசந்தத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை இழுத்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். நானாக யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவன். கோடரியை மறுபடியும் இறக்கினேன். கோடு தெரிந்தது, மயிரிழை அளவு. அவருடைய எண்களை அழுத்தினேன்.

“அண்ணை, கோடு தெரியுது.”

குழறினாலும் அதே குரல்தான். “தலைகீழாப் பிடியும். போனைக் கிட்ட வையும்.”

போனை நிலத்தில் வைத்தேன். கோடரியின் தலை கீழே தொங்கும்படி பிடித்து, பிடியின் அடியில் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் ஒன்று போட்டேன். மரச் சத்தம் அறையில் மொத்தையாக விழுந்தது.

“இன்னொண்டு.”

போட்டேன். சத்தம் கொஞ்சம் இறுகியது.

“இன்னும் ஒண்டு.”

இம்முறை கணீரென்று கேட்டது. குனிந்து பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. போனுக்குள்ளிருந்து அவர் சொன்னார், “போதும். கோடு உள்ளுக்குப் போயிட்டுது.”