கூவாத ஹாரன்

தொண்ணூறுகளில் ஒரு கோடையில், தண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற அருப்புக்கோட்டைக்கு ஒரு படகு மோட்டார் வந்தது. கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் என் பட்டறை வாசலில் அதை லாரியிலிருந்து இறக்கினார்கள்.

"ஏலே, எந்தக் கம்மாயில ஓட்டப் போற?" என்று சிரித்த பக்கத்துக் கடைக்காரர், கூட வந்த என் தங்கையின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் மோட்டாரை உள்ளே தூக்கிவைக்கக் கைகொடுத்தார்.

கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கடலில் இன்ஜின் சூடேறி இறுகி நிற்க, காற்று படகைப் பாறையில் அடித்து மாப்பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

"சூடேறுனா கத்துற ஹாரன் கத்தியும் அலட்சியமா ஓட்டிருக்கான்னு ஊரே பேசுதுண்ணே. அவுக அப்படி இல்ல. அது கத்திருக்காது. பாத்துச் சொல்லு."

பேட்டரி கொடுத்து, சூட்டை அறியும் ஒயரை இன்ஜின் உடம்பில் தொடவைத்தேன். இன்ஜின் சூடேறினால் நடப்பதும் அதுதான்; ஹாரன் கூவியாக வேண்டும். கூவவில்லை.

"நாஞ் சொல்லல?" என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மூடியைக் கழற்றினேன். ஹாரனுக்குப் போகும் ஒயரை உருவி, நுனியில் டேப் சுற்றி, பத்திரமாக மடக்கி வைத்திருந்தது. எட்டிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாசமா இருக்கப்ப ஒருநா கூடப் போனேண்ணே. சும்மா சும்மா கத்துச்சு. வயித்துல பிள்ள தூக்கிப் போடுதுன்னு அழுதேன். மறுநாளே, இனிமே கத்தாது, சரி பண்ணிட்டேன்னு சொன்னாக."

உப்பு அரித்து ஒயர் அற்றுவிட்டதாக அவளுடைய ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். நம்பினார்கள். மாப்பிள்ளை பேர் தப்பியது.

ஊருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பொய் இருந்தது. அவளுக்குச் சொல்லத்தான் எதுவுமே இல்லை, இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.